கதை சொல்லி வாசல் திறந்த அம்மையார்

நூலகம் என்றால் அலமாரியும் புத்தகமும் மட்டுமல்ல. வருவோரை முகமலர்ந்து வரவேற்கும் ஒருவரும் அங்கு வேண்டும். அவ்வாறு வாழ்ந்து மறைந்தவர் பூரா பெல்பிரே அம்மையார்.

புவர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த இவர், 1920-ல் சகோதரியின் திருமணத்திற்காக நியூயார்க் வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1921-ல் ஹார்லெம் பகுதியின் 135-ஆம் தெரு நூலகத்தில் பணியேற்றார். அந்நகரப் பொது நூலகத்தின் முதல் புவர்ட்டோ ரிக்கோ நூலகர் இவரே. தம் தீவின் நாட்டுப்புறக் கதைகள் அலமாரியில் இல்லாததைக் கண்டு, பாட்டியிடம் கேட்டவற்றைத் தாமே எழுதினார். எலியும் கரப்பானும் வரும் 'பெரஸும் மார்ட்டினாவும்' 1932-ல் நூலாயிற்று.

ஸ்பானிய மொழி பேசிய ஏழை எளியோர் பலர், நூலகம் ஆங்கிலம் அறிந்தோருக்கே உரியது என்று ஒதுங்கி நின்ற காலம் அது. அம்மையார் இரு மொழிகளிலும் கதை சொன்னார், பொம்மலாட்டம் நடத்தினார், மூன்று இராஜாக்கள் திருநாளை நூலகத்திலேயே கொண்டாடினார். வீட்டில் பேசும் மொழிக்கு அங்கே இடமுண்டு என்பதைப் பிள்ளைகள் கண்டனர்.

1943-ல் இசைக் கலைஞர் கிளாரன்ஸ் கேமரன் ஒயிட்டை மணந்தபின் பணியிலிருந்து விலகினார். 1960-ல் கணவர் இறக்கவே, முதிய வயதிலும் மீண்டும் நூலகப் பணிக்கு வந்து, தென் பிராங்ஸ் சிறுவருக்குக் கதை சொன்னார்.

1982 ஜூலை 1-ல் அம்மையார் கண்மூடினார். இலத்தீன் அமெரிக்க மக்களின் வாழ்வைக் காட்டும் சிறந்த சிறுவர் நூல்களுக்கு, 1996 முதல் அவர் பெயரால் விருது அளிக்கப்படுகிறது.

நம் பாட்டிமாரிடமும் கதைகள் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.