கடலில் கொட்டப்பட்ட பெச்சாக்கும் சாலையில் நிலைத்த ஓஜெக்கும்

சட்டத்தின் அனுமதியோடு பிறக்கும் தொழில்கள் உண்டு. பிறந்து வளர்ந்த பின்னர்ச் சட்டத்தைத் தம்மிடம் வரவழைக்கும் தொழில்களும் உண்டு. இந்தோனேசியாவின் ஓஜெக், அதாவது கூலிக்குப் பயணியை ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள், இரண்டாம் வகையைச் சார்ந்தது.

அதற்கு முன்னர் ஜகார்த்தாவின் ஏழைகளுக்குப் பிழைப்பளித்தது பெச்சாக் என்னும் மூன்று சக்கர மிதிவண்டி. 1970களின் தொடக்கம் முதல் நகர நிர்வாகம் அதனை ஒடுக்கிற்று. 1980களில் பறிமுதலான பெச்சாக்குகள் ஆயிரக்கணக்கில் ஜகார்த்தா விரிகுடாவில் கொட்டப்பட்டன. பெச்சாக் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியவற்றுள் ஓஜெக்கும் ஒன்று. அதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2009ஆம் ஆண்டின் 22ஆம் எண் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் சைக்கிளைப் பொதுப் போக்குவரத்து வாகனமாக ஏற்கவில்லை.

2010இல் நதீம் மகாரிம், ஏறத்தாழ 20 ஓட்டுநர்களுடன் தொலைபேசி வழி இயங்கும் கோஜெக்கைத் தொடங்கினார். 2015 ஜனவரியில் கைபேசிச் செயலி வந்தது. கட்டணம் முன்கூட்டியே தெரிந்தது, பேரம் ஒழிந்தது, பச்சை மேலங்கி ஓட்டுநருக்கு அடையாளமாயிற்று. நிறுவனத்தின் பதிவுப் பெயரே ‘தேசத்தின் பிள்ளைகளுடைய படைப்பு’ எனப் பொருள்படுவது ஈண்டுக் கருதத்தக்கது.

2015 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் இக்னாசியுஸ் ஜோனான் இத்தகைய சேவைகளைத் தடை செய்தார். செய்தி வெளியான மறுநாளே, மக்களுக்குத் தேவையான ஒன்றை விதிகள் நெறிப்படுத்த வேண்டுமேயன்றி மக்களை வருத்தலாகாது என்னும் கருத்தை அதிபர் ஜோக்கோ விடோடோ வெளியிட்டார், தடை விலகியது. 2016 மார்ச் 22 அன்று, செயலிவழி வாகனங்களை எதிர்த்து டாக்சி ஓட்டுநர்கள் தலைநகரில் நடத்திய போராட்டம் வன்முறையாக மாறியது. ஆயினும் அடுத்த ஆண்டே பெரும் டாக்சி நிறுவனமான புளூ பேர்ட், கோஜெக்குடன் கைகோத்தது.

சட்டமோ எளிதில் இசையவில்லை. 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம், மோட்டார் சைக்கிளைப் பொதுப் போக்குவரத்தாக அறிவிக்கக் கோரிய மனுவை நிராகரித்தது. 2019இல் அமைச்சகம் பிறப்பித்த 12ஆம் எண் ஒழுங்குவிதி, ‘பொதுப் போக்குவரத்து’ என்னும் சொல்லைத் தவிர்த்து, ‘சமூக நலனுக்காகப் பயன்படும் மோட்டார் சைக்கிள்’ எனப் பெயரிட்டது. கட்டண வரம்புகளும் அவ்வாண்டே வந்தன. வாயில் திறவாத சட்டம் சாளரத்தைத் திறந்தது எனலாம்.

பெச்சாக்கும் ஓஜெக்கும் ஏழையின் பிழைப்பே. பெச்சாக்கை மட்டும் கடல் கொண்டது ஏன்? ஓஜெக்கின் பின்னே பெருமூலதனம் நின்றது. பின்னிருக்கையில் நடுத்தர வர்க்கம் அமர்ந்தது. தேசத்தின் பெயரும் துணைக்கு வந்தது. தேவை மட்டும் ஏற்பைப் பெற்றுத் தருமாயின் பெச்சாக்கும் பிழைத்திருக்கும்.

அவ்வேற்பு யாரைச் சென்றடைந்தது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. ஓட்டுநர் தொழிலாளியாக அன்றி, ‘மித்ரா’, அதாவது பங்காளி, என்றே அழைக்கப்பட்டார். ஆகவே தொழிலாளர் சட்டத்தின் காப்பு அவருக்கு எட்டவில்லை. 2025 மார்ச்சில், ரமலான் மாதத்தில், அவர்களுக்குப் பெருநாள் ஊக்கத்தொகை வழங்குமாறு அதிபர் பிரபோவோ சுபியாந்தோ நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். தொழிலாளிக்கு உரிமையாக வரும் பெருநாள் தொகை, பங்காளிக்கு வேண்டுகோளின் பேரிலேயே வந்தது. நிறுவனம் பெற்ற ஏற்பு ஒன்று. ஓட்டுநர் பெற வேண்டிய உரிமை வேறொன்று. முன்னதன் வரலாற்றைப் பின்னதன் வரலாறாக நாம் வாசித்துவிடலாகாது.