அரியாங்குப்பம்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர் சாலையில் ஏறக்குறைய 4 கி.மீ. தொலைவில் உள்ள ஆற்றங்கரைப் புறநகர். செஞ்சியாறு என்றும் பெயருள்ள சங்கராபரணி கடலில் கலக்குமுன் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. இரண்டுக்கும் நடுவில் ஊர் அமைந்துள்ளது. கிழக்கே கடலோரத்தில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் உண்டு. இன்று இப்பகுதி அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தின் ஆட்சியில் உள்ளது.

தொல்பழமை: ஊரின் வரலாறு அரிக்கமேட்டில் தொடங்குகிறது. காக்காயந்தோப்பு என்னும் ஊரை ஒட்டிய இந்த ஆற்றங்கரை மேட்டைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பு உள்ளது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீல், வீராம்பட்டினத்தருகே பழைய செங்கற்கட்டுமானங்களையும் புத்தர் சிலை ஒன்றையும் கண்டு எழுதிவைத்தார். கோள் கடந்த நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. அரிக்கமேட்டுக் குறிப்பு மட்டும் மிஞ்சியது. பின்னர் 1930-களில் பேராசிரியர் ழுவோ-துப்ரேய் இங்கிருந்து மணிகளையும் பானையோடுகளையும் திரட்டினார். ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிவந்து தந்தவையும் அவற்றில் அடங்கும் என்பர். 1945-இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் முறையாக அகழ்ந்தனர். இத்தாலியில் செய்யப்பட்ட, குயவர் முத்திரை பதித்த செந்நிற மட்கலங்கள் கிடைத்ததால், காலம் தெரியாதிருந்த தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு முதன்முறையாக உறுதியான காலக்கணக்கு அமைந்தது. கிரேக்கர் குறித்த 'பொதுகே' துறை இதுவே என்ற கருத்து பரவலாக ஏற்கப்படினும் ஐயத்துக்கு இடமற்றதன்று. ரோம வணிகத்தால் ஊர் எழுந்தது என்றார் வீலர். அதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்று பெக்லியின் அகழாய்வு காட்டியது. மேட்டின் வடபகுதியில் கண்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டவை என்ற வீலரின் விளக்கத்தையும் இன்று எல்லாரும் ஏற்பதில்லை. கண்ணாடி மணியும் கல்மணியும் இங்கேயே செய்யப்பட்டன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மேட்டின் ஒரு பகுதியை ஆறே அரித்துக்கொண்டுபோய்விட்டது.

இடைக்காலம்: சோழர் காலத்திலும் மக்கள் புழக்கம் இருந்ததற்குச் சீனப் பீங்கான் ஓடுகள் சான்று.

1748 முற்றுகை: பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் நிலைகொண்டபின் இவ்வூர் நகரின் தெற்கு வாசலாயிற்று. கடலூரில் ஆங்கிலேயர் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து வரும் படை அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டாமல் புதுச்சேரியை நெருங்க முடியாது. ஆகவே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே இங்கு ஒரு சிறு கோட்டையை வலுப்படுத்தினார். 1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பெரும்படையுடன் வந்து முதலில் இதைத் தாக்கினார். கோட்டைக்குள் இருந்தவர் ழாக் லா என்ற இளம் தளபதி. போதிய வேவு பார்க்காமல் நடந்த முதல் தாக்குதலில் ஆங்கிலேயர் சுமார் 150 பேரை இழந்தனர். பீரங்கிப்படை மேஜர் குடியர் அதில் பட்ட காயத்தால் இறந்தார். அடுத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படை வெளியே பாய்ந்து வந்தபோது பதுங்குகுழியில் இருந்தவர்கள் சிதறினர். பின்னாளில் இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் போற்றிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் மட்டும் இடத்தைவிட்டு நகராமல் சிறைப்பட்டார். அப்பால் நடந்தது எவரும் எதிர்பாராதது. பிரெஞ்சுப் பீரங்கிமேட்டில் வெடிமருந்து தீப்பிடித்து நூறு பேர் வரை மாண்டும் காயமுற்றும் போக, லா கோட்டையைத் தாமே தகர்த்துவிட்டு நகருக்குள் பின்வாங்கினார். பாஸ்கவன் இடிபாட்டைச் செப்பனிட்டுக்கொண்டு மேலும் நாள்களைக் கழித்தார். இச்சிறு கோட்டையைச் சுற்றிப்போயிருக்கலாம் என்பது போர் வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, முற்றுகை கைவிடப்பட்டது. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்நாள்களைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் இருதரப்பு ஆவணங்களிலும் தேதிகள் 11 நாள் முன்பின்னாக வரும். இருவேறு நிகழ்ச்சிகள் என மயங்கலாகாது.

இதன் தொடர்ச்சி இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் நடந்தது. 1752-இல் திருவரங்கத்தில் சிக்கிக்கொண்ட லாவை மீட்கப் புறப்பட்ட தொத்தேய் என்னும் பிரெஞ்சுத் தளபதியை ஆங்கிலத் தளபதி கிளைவ் வாலிகண்டபுரத்தில் மடக்கிச் சரணடையச் செய்தார். உதவி வராது என்று தெரிந்ததும் ஜூன் மாதம் லாவும் பணிந்தார். அவரது சரணை ஏற்ற ஆங்கிலப் படைத்தலைவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் அரியாங்குப்பத்தில் பிடிபட்ட அதே லாரன்ஸ்.

குருமடம்: சயாமிலிருந்து கம்போடியாவுக்கும் அங்கிருந்து புதுச்சேரிக்கும் இடம்பெயர்ந்த பாரீசு வேதபோதகச் சபையின் குருமடம் 1770-இல் வீராம்பட்டினத்தில் குடியேறியது. சீனம், வியட்நாம், சயாம் நாட்டு மாணவர் இங்கே லத்தீன் பயின்றனர். அதன் தலைவர் பிக்னோ தெ பெஹேன் 1773-இல் முடித்த வியட்நாமிய–லத்தீன் அகராதி அத்துறையில் பெயர்பெற்றது. சில ஆண்டுகள் தமிழ் மீனவர் குடியிருப்பை அடுத்து வியட்நாமியப் பேச்சு ஒலித்திருக்கும் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1780-களின் தொடக்கத்தில் குருமடம் மூடப்பட்டது. அரிக்கமேட்டில் இன்றும் நிற்கும் செங்கல் தூண்கள் அதன் கட்டடத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன.

மக்களும் மொழியும்: மீனவரும் உழவரும் பெரும்பான்மையர், வீட்டுமொழி எக்காலத்தும் தமிழே. பிரெஞ்சு, அலுவலகம், பள்ளிக்கூடம், படை ஆகிய மூன்றின் வழியாக வந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழிசெய்தது. ஏற்றவர்கள் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்டனர். புதுச்சேரிப் பகுதியிலிருந்து பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனுக்கு அரசுப் பணிக்குச் சென்றனர். பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பி ஓய்வூதியம் பெற்றவரை ஊரார் 'சொல்தா' என்பர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே அரியாங்குப்பம், மேர் என்னும் நகரத் தலைவரைக் கொண்ட தனிக் கொம்யூனாக இருந்தது.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதித்தர வேண்டியிருந்தது. அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என ஒரே வீடு இரு குடியுரிமையாகப் பிரிந்ததும் உண்டு.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேர் இப்பகுதியின் பெருவிழா. பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இணைப்புக்குப் பின்னும் நிற்கவில்லை; இப்போது துணைநிலை ஆளுநர் வடம்பிடிக்கிறார்.

அண்மைக்காலம்: புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதன் மக்கள்தொகை 1961-இல் 3,69,079, 2011-இல் 12,47,953. இப்பெருக்கத்தில் கடலூர் சாலையின் இருமருங்கும் வீடுகள் நிறைந்து அரியாங்குப்பம் நகரோடு ஒட்டிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோரக் குப்பங்களைத் தாக்கியது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை சுற்றுலாவுக்கென இயங்குகிறது.