ஒற்றைச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பளிக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் ‘எஸ்ஜிஓடி’ என்றொரு வரி இடம்பெறுவதுண்டு. ‘ஏஎஸ்டி’ என்பதும் அதன் பெயரே. அந்த எண் சற்று உயர்ந்திருந்தால், மகன் இரகசியமாக மது அருந்துகிறானோ என ஐயுறும் பெற்றோரும் உள்ளனர். இப்பரிசோதனையின் வரலாற்றை அறிந்தோர் அவ்வளவு விரைவில் தீர்ப்பளிக்க மாட்டார்கள்.

முற்கால ஹகீம்கள் நாடியையும் சிறுநீரையும் கொண்டு நோயைக் கணித்தனர். உயிரணுக்களுக்குள் இருந்து பணிபுரியும் நொதிகள், அவ்வணுக்கள் சிதையும்போது வெளியே கசிகின்றன என்பது பின்னரே விளங்கிற்று. 1908இல் ஜெர்மனியின் வோல்கெமுத், கணையத்தின் மாவுச்சத்து நொதியைச் சிறுநீரில் அளக்கும் முறையை வகுத்தார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலும்பு நோயை அறிய பாஸ்பட்டேஸ் நொதி பயன்படலாயிற்று. அந்நொதி விடுவிக்கும் பாஸ்பேட்டின் அளவைக் கொண்டே அதன் செயலை மதிப்பிட்டனர். இரத்தத்தில் பாஸ்பரஸை நுட்பமாக அளக்கும் முறையை 1925இல் ஃபிஸ்கேயுடன் இணைந்து வெளியிட்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

எஸ்ஜிஓடி முதலில் புகழ்பெற்றது கல்லீரலுக்காக அன்று, இதயத்திற்காக. 1954இல் நியூயார்க்கில் லாடூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகிய மூவரும், மாரடைப்புக்குப் பின் இந்நொதி இரத்தத்தில் உயர்வதை அறிவித்தனர். ஆயினும் இதயம், கல்லீரல், தசை, சிறுநீரகம், சிவப்பணு ஆகிய அனைத்திலும் அது உள்ளது. எனவே அது உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து எவ்வுறுப்பு பாதிக்கப்பட்டது என உறுதியாகக் கூற இயலாது. கல்லீரலை அறிய எஸ்ஜிபிடியையும், தசையை அறிய சிகே நொதியையும் உடன்வைத்துப் பார்க்கின்றனர். மாரடைப்பை அறியவோ இன்று ட்ரோபோனின் என்னும் புரதத்தையே பெரிதும் நம்புகின்றனர். அதுவும் வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் உயராதிருக்கக்கூடும் என்பதால், மீண்டும் சோதிப்பர்.

பாரம் சுமந்து உழைக்கும் இளைஞரின் தசை நோவும் எஸ்ஜிஓடியை உயர்த்தும். கல்லீரல் கொழுப்பு, மஞ்சள் காமாலைக் கிருமி, சில மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம். மது அவற்றுள் ஒன்றே.

மது அருந்தினான் என்று ஒருவர் மீது தீர்ப்பளிக்க, நம் ஃபிக்ஹு இரு சாட்சிகளைக் கேட்கிறது. எனில் அறிக்கையிலுள்ள ஓர் எண்ணை மட்டும் கொண்டு பெற்ற மகனைக் குற்றவாளியாக்குவது எங்ஙனம் தகும்? தீய எண்ணத்தைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதற்காக அறிக்கையை அலட்சியம் செய்வதும் முறையன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். மகனின் வேலை, உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் கூறி, மறுபரிசோதனை செய்யுங்கள். நெஞ்சுவலி எனில் எந்த எண்ணுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நற்சுகத்தையும் நல்லெண்ணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.