சிங்கப்பூர்த் தீவும் கைதிகள் கட்டிய ஆலயமும்

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி கிடக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் அவ்வேரிக்கரைக்குப் புதிதன்று. அத்தகைய சுண்ணாம்பால் சுவரைப் பளிங்கென மெருகேற்றும் சென்னை முறையைக் கடல் கடந்த சிங்கப்பூரின் பரிசுத்த அந்திரேயா பேராலயத்திலும் காண்கிறோம். அங்கே அதைப் பூசியவர்கள் நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள்.

1819-ல் ராஃபிள்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவில் வணிகத்தளம் அமைத்தார். அவருடன் பினாங்கிலிருந்து சென்ற நாராயண பிள்ளை செங்கற்சூளை தொடங்கினார். 1827-ல் மாரியம்மன் கோவிலுக்கும் அடிகோலினார். சுங்கமில்லாத் துறைமுகமாதலால் சீனரும் மலாயரும் தமிழரும் திரண்டனர். சாலையிடவும் சதுப்பை வடிக்கவும் மலிவான உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே 1825-ல் பென்கூலனில் இருந்த இந்தியக் கைதிகளைக் கம்பெனியார் அங்குக் கொணர்ந்தனர். பின்னர் இந்தியாவினின்று நேரே அனுப்பினர்.

முந்தைய ஆலயம் மின்னல் தாக்கிப் பழுதுற்றமையால் 1852-ல் மூடப்பட்டது. மக்பெர்சன் வரைந்த அமைப்பின்படி 1856-ல் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரமிட்டனர். 1862-ல் அது பிரதிஷ்டையாயிற்று. சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மினுக்கினர். இவ்வேலை செய்தோருள் பெரும்பாலோர் இந்துக்களும் முகமதியருமே. பிரதிஷ்டை செய்த அத்தியட்சரின் பெயரைச் சரித்திரம் சொல்லும். கலவை குழைத்தவன் பெயரை நம்மில் யார் அறிவோம்?

1873-ல் கைதிகள் சிறை கலைக்கப்பட்டது. தண்டனை முடிந்தோர் பலர் ஊர் திரும்பாது அங்கேயே குடியேறினர்.

நெரிசல் மட்டும் தீரவில்லை. 1960-ல் வீடமைப்புக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழக்க, அடுக்குமாடிகள் விரைந்தெழுந்தன. கடலைத் தூர்த்து, ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராயிருந்த நிலம் 730-க்கும் மேலாயிற்று. அதில் இன்று சுமார் 60 இலட்சம் பேர் வாழ்கின்றனர். குடிமக்களுக்கு வீடளித்ததில் அவ்வரசு செய்தது அரிய காரியமே. அதை நாம் குறைத்துரையோம்.

ஆயினும் அம்மாடிகளைக் கட்டும் அயல்நாட்டுத் தொழிலாளர் அவற்றில் குடியிருப்பதில்லை. நம் தமிழ்நாட்டு இளைஞரும் வங்கதேசத்தாரும் ஓரறையில் பலராய் விடுதிகளில் தங்குகின்றனர். 2020-ல் கொரோனா பரவியபோது நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் அவ்விடுதிகளில் இருந்தவர்களே. மாதக்கணக்கில் அவர்கள் வெளிவர இயலவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வடநாட்டுத் தொழிலாளர் நெருங்கி வாழும் அறைகளுக்குச் செல்லும்போதெல்லாம் நமக்கு அத்தீவு நினைவுக்கு வருகிறது.