நுனியைப் பழக்குதல்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து எழுதுகோல் வரலாறு

எழுதுகோல் ஒன்று உலைக்களத்திலிருந்தோ கடையிலிருந்தோ கைக்கு வந்த அன்றே முழுமை பெற்றுவிடுவதில்லை என்பதும், எழுதும் பரப்புக்கும் எழுதுபவரின் கைக்கும் ஏற்ப நுனியைப் பழக்கிய பிறகே அது பயன்படும் என்பதும், தமிழகத்தில் பல தலைமுறைகள் கையிலிருந்து கைக்கு மாறிவந்த அறிவு. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்து பின்னர் தனித்தனி மாவட்டங்களான பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் எழுத்து வரலாறு, இவ்வறிவை ஓலைக்காலத்திலிருந்தே தொடர்ந்து பார்ப்பதற்கு இடம் தருகிறது.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து, அரியலூர் சடகோபையங்காரிடமும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றபோது, ஓலையும் எழுத்தாணியுமே படிப்பின் கருவிகளாக இருந்தன. கொண்டை கனத்த குண்டெழுத்தாணி, மறுமுனையில் ஓலை வாரும் கத்தி அமைந்த வாரெழுத்தாணி, பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி என்று அக்கருவியில் பல வகை உண்டு. எந்த வகையாயினும், முனை கூர்மை மிகுந்தால் ஓலையின் நாரைக் கிழிக்கும், மழுங்கினால் வழுக்கும் என்பதால், கீறவும் வேண்டும் கிழிக்கவும் கூடாது என்னும் பதத்துக்கு அதைக் கல்லில் தேய்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓலையும் அப்படியே: நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்த பிறகே அது எழுத்தை ஏற்றது. எழுதுகையில் வலக்கை எழுத்தாணியைப் பெரும்பாலும் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள, இடக்கை ஓலையை நகர்த்திக் கொடுக்கும். இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணித் தண்டைச் சார்த்தி எழுதியவர்களும் உண்டு. கீறிய எழுத்து உடனே கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துத் தடவித் துடைத்தால், கரி கீறலில் தங்கி எழுத்து துலங்கும். எழுத்து சரியாக விழாதபோது முனை, பரப்பு, மை ஆகிய மூன்றில் எதில் குறை என்று தேட வேண்டும் என்பதை ஓலையே கற்றுக்கொடுத்தது.

முனையின் குறை சில இடங்களில் எழுத்தின் வடிவத்தையே பாதித்தது. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும் என்பதால் சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். குறில் எகர ஒகரங்களுக்கு இலக்கணம் விதித்த புள்ளியும் இவ்வாறே மறைந்ததால், குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்று படிப்பவரைத் தடுமாறச் செய்தன. இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிச் சமயப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றிய வீரமாமுனிவர் (1680–1747), நெடிலுக்குத் தனி அடையாளம் தந்து இக்குழப்பத்தைப் போக்கியவர் என்று போற்றப்படுகிறார். கொம்பின் சுழியை மாற்றிக் குறிலையும் நெடிலையும் பிரித்த அத்திருத்தம், துளை விழாமல் வளைகோடாகவே கீறக்கூடியதாக அமைந்ததால் ஓலைக்கும் பொருந்தியது, பின்னர் அச்சுக்கும் பொருந்தியது. கருவி செய்ய மறுத்ததை எழுத்தின் வடிவத்திலேயே சரிசெய்த இம்முயற்சி, எழுதுகோலைப் பழக்கிய எந்தக் கைவேலைக்கும் மேலாக வைத்து எண்ணத்தக்கது.

காகிதம் பரவியபின் இறகும், அதையடுத்து மைக்கூட்டில் தொட்டெழுதும் எஃகு நிப்பும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இடம்பெற்றன. மையைத் தன்னுள்ளேயே தாங்கும் பேனாவுக்கு அமெரிக்காவில் வாட்டர்மேன் 1884ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். சுதேசி உணர்வு வளர்ந்த காலத்தில், 1932ஆம் ஆண்டு ராஜமுந்திரியில் ரத்னம் பேனாத் தொழில் தொடங்கிற்று. சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்டு கம்பெனியும், பிற்காலத்தில் திருவள்ளூரின் ரங்கா பேனாவும் தமிழகத்தில் பெயர்பெற்றன. கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பராகிய எபோனைட்டைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து செய்யப்பட்ட பேனாக்களில் பல, மை நிரப்பியால் சொட்டுச் சொட்டாக உடலுக்குள்ளேயே மை ஊற்றப்படுபவை.

இத்தகைய பேனா புதிதில் எழுத மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு. மை கீழிறங்குவது புவியீர்ப்பால் மட்டுமன்று; நிப்புக்கு அடியில் அமைந்த கட்டையின் நுண்ணிய வாய்க்காலிலும் நிப்பின் நடுப்பிளவிலும் மை தானே ஊர்ந்து செல்லும் நுண்புழை ஈர்ப்பே அதை நுனிக்குக் கொண்டுவருகிறது. மை வெளியேறிய அளவுக்குக் காற்று அதே கட்டையின் வழியே உள்ளே செல்லவும் வேண்டும். கடைசலின்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை வாய்க்காலில் எஞ்சியிருந்தால் மை ஒட்டாமல் அறுபடும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்துவதே அதற்கு மருந்து. கொதிநீர் எபோனைட்டை வளைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பிளவு இறுகியிருந்தால் மெல்லிய தகட்டையோ சவரபிளேடையோ அதில் மெதுவாக ஓட்டுவர். அளவு மீறினால் மை கொட்டும். நுனியின் இரு பாதிகளும் ஏறியிறங்கி நின்றால் நகத்தால் அழுத்திச் சமன்படுத்துவர். நுனியின் உள்விளிம்புகள் அளவுக்கு மீறி மழமழப்பாக்கப்பட்டிருப்பதே கண்டுபிடிக்கக் கடினமான குறை: அப்போது மை பிளவின் வாய்வரை வந்தும் காகிதத்தைத் தொடாது, முதல் கோடு விழாமல், சற்று அழுத்திய பின்பே எழுத்து தொடங்கும். நுனியை மிக நுண்ணிய உப்புத்தாளில் எட்டு வடிவில் சில சுற்று தேய்த்தால் இது தீரும். பள்ளி மாணவர்கள் உப்புத்தாளுக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரையையும் சிலேட்டையும் கையாண்டனர். நுனி கெட்ட நிப்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிப்பு கெட்டால் மாற்றிக்கொள்வது எளிதாக இருந்ததற்கு, விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் பேனா நிப்புக்குப் பெயர்பெற்ற ஊராக விளங்கியது முக்கியக் காரணம். அங்குக் குடிசைத் தொழிலாக எஃகுத் தகட்டில் வெட்டிப் பிளந்து தேய்க்கப்பட்ட நிப்புகள் தமிழகத்து ஊர்க் கடைகளுக்குப் பரவின. கடைத்தெருவில் பேனா ரிப்பேர் செய்தவர், வாங்க வந்தவரையே எழுதிப் பார்க்கச் செய்து, அவர் பேனாவைச் சாய்க்கும் கோணத்துக்கு நிப்பைத் தேய்த்துக் கொடுத்தார். பந்துமுனைப் பேனா எவர் கையிலும் ஒரே விதமாக எழுதியதால் இவ்வேலைக்குத் தேவை குறைந்தது. சாத்தூரின் நிப்புப் பட்டறைகளும் அதனால் நலிந்தன. இன்று எபோனைட் பேனாவைக் கடைந்து செய்யும் சில பட்டறைகளிலும், விரும்பி மைப்பேனாவால் எழுதுவோரிடமுமே நிப்பைத் தேய்க்கும் அந்தக் கைப்பழக்கம் நீடிக்கிறது.