பாசி முதல் பல்கலைக்கழகம் வரை: பேட்ரிக் கெடஸின் உயிரியல் நோக்கும் உயர்கல்விச் சிந்தனையும்

முன்னுரை

'கல்விச் சூழலமைப்பு' என்ற தொடர் இன்று உயர்கல்வி பற்றிய உரைகளில் தாராளமாகப் புழங்குகிறது. இதன் வேர்ச்சொல்லான சூழலமைப்பு என்பதற்கு உரிய ஆங்கிலக் கலைச்சொல்லைத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935இல் உருவாக்கினார். ஜேம்ஸ் மூர் 1993இல் எழுதிய கட்டுரைக்குப் பின் அது வணிக உலகில் பரவியது. ஆனால் வணிகத்தின் இடையீடு இல்லாமல், உயிரியலிலிருந்து நேரடியாகப் பல்கலைக்கழகத்தை அணுகிய மரபு ஒன்று அதற்கும் முன்பே இருந்தது. ஸ்காட்லாந்து உயிரியலாளர் பேட்ரிக் கெடஸ் (1854–1932) அதன் முதன்மையான முன்னோடி. உயிரியலிலிருந்து அவர் பெற்றவை எவை, அவை உயர்கல்விக்குள் எவ்வாறு நுழைந்தன, எங்கே தடைப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நுண்ணோக்கியில் கிடைத்த பாடம்

கெடஸ் எந்தப் பட்டமும் பெறாதவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வாரத்திலேயே வெளியேறிய அவர், லண்டன் சென்று டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பிரான்சின் ரோஸ்காஃப் கடல் ஆய்வு நிலையத்தில் பச்சை நிறத் தட்டைப்புழுக்களை ஆராய்ந்து, அவை வெயிலில் ஆக்சிஜன் வெளியிடுவதைக் காட்டினார். கடல் நுண்ணுயிர்கள் சிலவற்றின் உடலில் காணப்படும் 'மஞ்சள் செல்கள்' உண்மையில் பாசிகளே என்றும், பாசியும் விலங்கும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி வாழ்கின்றன என்றும் 1882இல் எழுதினார். உயிர்வாழ்வு என்றாலே போராட்டம் என்று பலரும் டார்வினைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டுயிர் வாழ்வும் பரிணாமத்தின் அடிப்படை என்ற முடிவுக்குக் கெடஸ் வந்தார். அவருடைய கல்விச் சிந்தனை இங்கிருந்தே கிளைக்கிறது.

1879இல் மெக்சிகோவில் இருந்தபோது அவருடைய கண்பார்வை சில காலம் மங்கியது. நுண்ணோக்கியைப் பெரிதும் விட்டுவிட நேர்ந்தது. சமூக ஆய்வின் பக்கம் கவனம் திரும்பியது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் லெ பிளேயின் 'இடம், தொழில், குடும்பம்' என்ற முக்கோணத்தை 'சூழல், செயல், உயிரி' என்ற உயிரியல் முக்கோணத்துடன் பொருத்தினார். சூழலை விட்டு உயிரியைப் புரிந்துகொள்ள முடியாது. அதுபோல ஊரை விட்டுக் கல்வியையும் புரிந்துகொள்ள முடியாது என்பதே இந்தப் பொருத்தத்தின் சாரம்.

எடின்பரோவில் செயல்வடிவம்

1887இல் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில் மாணவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குக் காப்பாளர் கிடையாது. மாணவர்களே அதை நிர்வகித்தனர். சிதைந்துகிடந்த குடியிருப்புகளைச் செப்பனிட்டு மாணவர்களைக் குடியேற்றியதால், பல்கலைக்கழகத்தின் வாழ்வும் நகரத்தின் வாழ்வும் ஒரே தெருவில் கலந்தன. 1892இல் அவர் கையிலெடுத்த 'அவுட்லுக் டவர்' அடுத்த படி. கோபுர உச்சியிலிருந்த இருட்டறைப் படக்கருவியில் பார்வையாளர் முதலில் நகரத்தின் உயிரோட்டமான காட்சியைக் காண்பார். கீழே இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என அறிவின் வட்டம் தளந்தோறும் விரியும். உலகறிவு தன் ஊரிலிருந்து வளர வேண்டும் என்ற கருத்தை அக்கட்டடமே கற்பித்தது.

1888 முதல் 1919 வரை டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தால் போதும் என்ற ஏற்பாடு, பிற மாதங்களில் அவரைக் களப்பணிக்கு விடுவித்தது.

சென்னையும் இந்தோரும்

1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் கெடஸ் இந்தியா வந்தார். அவருடைய நகரியல் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன்தான் அது. நண்பர்களின் உதவியுடன் கண்காட்சி மீண்டும் திரட்டப்பட்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் திறக்கப்பட்டது. தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களை அவர் நடந்தே ஆராய்ந்தார். நெரிசலைப் போக்குவதற்காகத் தெருக்களை ஒட்டுமொத்தமாக இடிக்க அவர் சம்மதிக்கவில்லை. நோயுற்ற பகுதியை மட்டும் தொட்டு, உடலைக் காக்கும் அறுவை மருத்துவமே அவர் பரிந்துரைத்த வழி.

இதே மருத்துவக் கண்ணோடுதான் இந்தியப் பல்கலைக்கழகங்களையும் நோக்கினார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்புகளாகப் பிறந்தன. கற்பித்தல் ஓரிடம், மதிப்பிடுதல் வேறிடம், வாழ்க்கை மூன்றாவது இடம் என்ற இந்தப் பிளவே கெடஸ் கண்ட நோய். 1918இல் இந்தோர் அரசவைக்கு அளித்த இரு தொகுதி அறிக்கையில், மத்திய இந்தியாவுக்கான பல்கலைக்கழகம் ஒன்றை முன்மொழிந்து, தேர்வு மையக் கல்வியைக் கடுமையாக எதிர்த்தார். நகரத்தின் தேவைகளோடும் நிறுவனங்களோடும் இணைந்து வளர்வதே பல்கலைக்கழகம் என்பது அவர் நிலைப்பாடு.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல், குடிமையியல் துறைக்குத் தலைமையேற்றார். பின்னாளில் இந்தியச் சமூகவியலின் முன்னோடியான ஜி. எஸ். குர்யே, நகர்ப்புற மையமாகப் பம்பாய் என்ற பொருளில் கட்டுரை எழுதியே கெடஸின் கவனத்தைப் பெற்றார். தாகூருடனும் கெடஸுக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. கெடஸின் மகன் ஆர்தர், தாகூர் நிறுவிய விசுவபாரதியின் ஊரகப் பிரிவான ஸ்ரீநிகேதனில் பணியாற்றினார். 1924இல் பிரான்சின் மோன்பெலியேயில் நிறுவிய ஸ்காட்ஸ் கல்லூரியே கெடஸின் இறுதிக் கல்விப் பரிசோதனை.

தடையும் தொடர்ச்சியும்

இந்தோர்த் திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. அங்கே பல்கலைக்கழகம் 1964இல்தான் அமைந்தது. இதற்குக் காலமும் அரசியலும் மட்டுமே காரணமல்ல. பல்கலைக்கழகத்தை உயிரியாகக் காணும் உவமையிலேயே ஒரு குறை உண்டு. உயிரி தன் உறுப்புகளை விவாதித்து அமைத்துக்கொள்வதில்லை. பல்கலைக்கழகத்தையோ சட்டமும் நிதியும் அதிகாரமும் வடிவமைக்கின்றன. யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு உயிரியல் விடை தராது. குடியேற்ற ஆட்சியில் இருந்துகொண்டு கெடஸ் அக்கேள்வியைப் போதிய அளவு எழுப்பவில்லை.

ஆயினும் கல்வியைச் சூழலோடு இணைக்கும் கருத்து மடியவில்லை. 1969இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக், 'மனிதச் சூழலியல்' என்ற ஒரே பாடப்பிரிவில் பட்டம் வழங்குகிறது. கெடஸின் நேரடி வாரிசு என்று அதைச் சொல்ல முடியாது. மனிதரையும் சூழலையும் சேர்த்தே கற்பிப்பதில் அவருடன் ஒன்றுபடுகிறது.

முடிவுரை

கெடஸ் உயிரியலிலிருந்து எடுத்தவை இரண்டு: கூட்டுயிர் வாழ்வு, இடத்தில் வேரூன்றிய வளர்ச்சி. இன்றைய 'சூழலமைப்பு' பேச்சில் இணைப்புகள் இருக்கின்றன, ஊர் இல்லை. 1857இல் பிறந்த இணைப்புக் கல்லூரி முறை நம்மிடம் இன்றும் நீடிக்கிறது. ஆகவே சீர்திருத்தம் பேசும் எந்த நிறுவனமும் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: தான் நிற்கும் ஊரிடமிருந்து அது எதைப் பெறுகிறது, அந்த ஊருக்கு எதைத் திருப்பித் தருகிறது? அதற்கு விடை இல்லாத கல்வி நிறுவனத்தை உயிருள்ள அமைப்பு என்று அழைப்பதற்கு அடிப்படை இல்லை.