கேஷும் காசும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கடை வைத்திருக்கும் எனக்கு, 'செக்கைக் கேஷ் பண்ணிட்டியா?' என்று கேட்காத நாள் கிடையாது. 'இந்தக் கேஷ் நம்ம காசுதான், வெள்ளைக்காரன் கொண்டு போனான்' என்று மேடையிலும் கடையிலும் பெருமையாகச் சொல்லி வந்தேன். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், 'மாமா, அதுக்கு ஆதாரம் என்ன?' என்று கேட்டுவிட்டாள். பழைய அகராதிகளைப் புரட்டினேன். நான் சொன்னதில் பாதிதான் சரி.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

முதலாவது, ரொக்கத்தைக் குறிப்பது. இலத்தீனில் 'கப்சா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலியில் 'காஸ்ஸா' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் பணப்பெட்டி, அதாவது நம் கல்லாப்பெட்டி. பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே அது பெயராயிற்று. காசோலையைப் பணமாக்கும் 'கேஷ் பண்ணுதல்' என்ற வினை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதிலிருந்து வந்ததே. மருந்துக்கடைக் 'கேப்ஸ்யூ'லுக்கும் இதே வேர்தான்.

இரண்டாவது கேஷ்தான் நம் காசு. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்ற கணக்கு இருக்கிறது. அது பொற்காசு. பிற்காலத்தில் சிறு செப்பு நாணயம் காசு எனப்பட்டது. போர்த்துகீசியர் அதைக் 'காய்ஷா' என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அவர்கள் வழியாக ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' என்றனர். கும்பினியார் காலச் சென்னையில் 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில், சென்னைக்கென்று பர்மிங்காமில் அச்சடித்த 10, 20 காசு நாணயங்கள் இருந்தன. திருவிதாங்கூரில் 16 காசு 1 சக்கரம். சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே வைத்தனர். சீனம் வரை போன பெருமை நமக்குப் போதாதா?

ஆகவே நாம் பாங்கில் 'கேஷ் பண்ணு'வது பெட்டிக் கேஷ். நாணயப் பெயராக வழங்கியதே நம் கேஷ். அந்தப் பெண்ணிடம், 'நான் சொன்னது தப்பும்மா' என்றேன்.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள், தமிழைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைத்தான் நம்புகிறார்கள். கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்கள். அவற்றைத் தாராளமாகச் சொல்வோம். வராத வரவைப் பேரேட்டில் எழுதினால், வந்த வரவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.